நாய்க்கடி: சூட்டுக்கோல் முதல் சோப்புக்கட்டி வரை

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல் கிராமம். (பொட்டி தட்டுறது பெங்களூர்ல.) மாட்டுப்பொங்கல் மத்தியானம், எல்லாரும் சாப்பிட்டுக் கிறங்கிக் கிடக்கிற நேரம், கொல்லையில இருந்து ஒரே அலறல். அக்கா பையன், ஆறு வயசு. எங்க வீட்டு நாய் மணி எலும்பு தின்னுக்கிட்டு இருந்தப்ப வாலைப் பிடிச்சு இழுத்திருக்கான். அது திரும்பி ஒரே கவ்வு. முழங்கைக்குக் கீழ ரெண்டு பல் பதிஞ்சு ரத்தம்.

அப்புறம் நடந்தது பெரிய கூத்து. அத்தான் பைக் சாவியைத் தேடுறார். அம்மா மஞ்சள்தூள் டப்பாவோட ஓடி வர்றாங்க. பக்கத்து வீட்டு மதினி "காபித்தூள் வைங்க, ரத்தம் நின்னுரும்"ங்கிறாங்க. நான்? போனைக் கையில வச்சுக்கிட்டு தேடிக்கிட்டு நிக்கிறேன். இன்ஜினியராச்சே!

முதல்ல வந்த பதில்: ஓடுற தண்ணியில சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவவும். 15 நிமிஷமா? 15 வினாடியைத்தான் தப்பா அடிச்சுட்டாங்க போலன்னு இன்னும் ரெண்டு இடத்துல பார்த்தேன். எல்லா இடத்துலயும் அதேதான். இப்படிச் சரிபார்த்ததுலயே அஞ்சு நிமிஷம் போச்சு.

அதுக்குள்ள ஆச்சி வெத்தலைப் பெட்டியில இருந்து சுண்ணாம்பு டப்பாவை எடுத்துக்கிட்டு வந்துட்டா. பையன் கையை இழுத்துப் பிடிச்சு அப்பப் போறா. நான் கத்திட்டேன். "அறிவிருக்கா ஆச்சி? ரத்தப் புண்ணுல போய் சுண்ணாம்பைத் தடவுற!" எண்பது தாண்டின மனுஷியைப் பார்த்து. ஆச்சி ஒண்ணும் சொல்லலை. டப்பாவை மூடிக்கிட்டு உள்ள போயிட்டா.

பையனைக் குழாயடிக்கு இழுத்துட்டுப் போய்க் கழுவினோம், ஆஸ்பத்திரிக்குப் போனோம், ஊசி போட்டாச்சு. ஆனா அன்னிக்கு ராத்திரி ஆச்சி சாப்பிடலை. அப்புறமா ஒரு விஷயம் சொன்னா. அதைக் கடைசியில சொல்றேன். பெங்களூர் திரும்பினதும் ஒரு கேள்வி மட்டும் அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. கடிவாயில எதையாவது வச்சு எரிக்கணும்ங்கிற எண்ணம் எங்கிருந்து வந்துச்சு? சோப்பு எப்ப வந்துச்சு? படிக்க ஆரம்பிச்சா, கதை நாலாயிரம் வருஷம் பின்னால போகுதுங்க.

இன்னிக்கு ஈராக் இருக்கிற இடத்துல எஷ்னுன்னான்னு ஒரு நகர ராஜ்ஜியம் இருந்துச்சு. ஏறக்குறைய 3,800 வருஷத்துக்கு முந்தின அதோட சட்டத்துல வெறிநாய் வருது. நாய்க்கு வெறி பிடிச்சிருக்குன்னு அதிகாரிகள் எச்சரிச்ச பிறகும் சொந்தக்காரன் கட்டி வைக்காம, அது கடிச்சு ஒருத்தன் செத்துப்போனா 40 ஷெக்கல் வெள்ளி அபராதம். செத்தது அடிமைன்னா 15 ஷெக்கல். அதாவது கடிச்சா சாவு வரும்னு அப்பவே தெரிஞ்சிருக்கு. அந்தச் சட்டத்துக்குத் தெரிஞ்ச ஒரே பரிகாரம் காசு.

வைத்தியத்தைப் பத்தி எழுதினவங்கள்ல ரெண்டு பேர் முக்கியம். ஒருத்தர் கி.பி. முதல் நூற்றாண்டு ரோமாபுரியில எழுதின செல்சஸ். கடிவாயில குவளையைக் கவுத்து விஷத்தை உறிஞ்சி எடு, நரம்பும் தசைநாரும் இல்லாத இடம்னா சூடு போடுங்கிறார். இதெல்லாம் தப்பி, தண்ணியைக் கண்டா மிரளுற கட்டம் வந்துட்டா? எதிர்பாராத நேரத்துல ஆளைக் குளத்துல தள்ளிவிடணுமாம். நீச்சல் தெரியலைன்னா முங்கித் தண்ணி குடிக்கட்டும், தெரிஞ்சவனா இருந்தா அமுக்கிப் பிடிக்கணும். நோயாளி நிலைமையை நினைச்சுப் பாருங்க.

இன்னொருத்தர் நம்ம சுஸ்ருதர். கடிவாயை அமுக்கி ரத்தத்தை வெளியேத்து, காய்ச்சின நெய்யால சுடு, மேல மருந்து பூசு. தண்ணியைப் பார்த்துப் பயப்படுற நிலை வந்துட்டா பிழைக்க மாட்டான்னு வெளிப்படையாவே எழுதியிருக்கார். செல்சஸை விட இவர் நேர்மைன்னு எனக்குப் படுது.

கவனிச்சீங்களா? இத்தனை மைல் தள்ளி எழுதின ரெண்டு பேரும் ஒரே லாஜிக்தான் சொல்றாங்க. விஷம் முதல்ல கடிவாயிலதான் இருக்கு, அது உள்ள போறதுக்கு முன்னாடி அங்கேயே ஒழிச்சுக்கட்டணும். இந்த லாஜிக் நூத்துக்கு நூறு சரி. தப்பு கருவியில. நெருப்பைத்தான் கையில எடுத்தாங்க, பல நூறு வருஷம் கீழ வைக்கவே இல்லை.

ஐரோப்பாவுல இதுக்குன்னே ஒரு சாமியார் சாவி இருந்துச்சு. புனித ஹூபர்ட் பேரைச் சொல்லி, ஆணி மாதிரி ஒரு இரும்பைப் பழுக்கக் காய்ச்சி கடிவாயில வைப்பாங்க. 19-ஆம் நூற்றாண்டு வரைக்கும் இது நடந்திருக்கு. இங்கிலாந்துல யூவாட்னு ஒரு புகழ்பெத்த கால்நடை மருத்துவர். அவரையே பல தடவை வெறிநாய் கடிச்சிருக்கு. ஒவ்வொரு தடவையும் சில்வர் நைட்ரேட் கட்டியை வச்சுத் தன் புண்ணைத் தானே பொசுக்கிக்கிட்டார். இரும்புக்குப் பதிலா ரசாயனம். ஆனா அதுவும் பொசுக்குறதுதான்.

1831-ல பிரான்ஸோட ஜூரா மலைப்பகுதியில ஒரு வெறிபிடிச்ச ஓநாய் பல பேரைக் கடிச்சுக் குதறிச்சு. ஆர்புவா ஊர்ல கடிபட்டவங்களைக் கொல்லன் பட்டறைக்குத் தூக்கிட்டுப் போய்ப் பழுத்த இரும்பால சூடு வச்சாங்க. அந்த ஊர்ல அப்ப எட்டு வயசுப் பையன் ஒருத்தன் இருந்தான். பேரு லூயி பாஸ்டர்.

54 வருஷம் கழிச்சு, 1885 ஜூலை 4. அல்சாஸ் பகுதியில ஜோசப் மைஸ்டர்ங்கிற 9 வயசுப் பையனை நாய் 14 இடத்துல கடிச்சது. உள்ளூர் மருத்துவர் காயத்துக்குக் கார்பாலிக் அமிலம் போட்டார். எப்ப தெரியுமா? கடிச்சு 12 மணி நேரம் கழிச்சு! ஜூலை 6-ஆம் தேதி அம்மா அவனைப் பாரிசுக்குக் கூட்டிட்டு வந்தாங்க. நோய் வந்து செத்த முயலோட தண்டுவடத்தைக் காயவச்சு வீரியம் குறைச்சு, அதுல இருந்து ஊசி போட வச்சார் பாஸ்டர். (அவர் மருத்துவர் இல்லை, வேதியியல்காரர். போட்டது வேற ஒரு மருத்துவர்.) 10 நாள், 13 ஊசி. பையன் பிழைச்சான். பெரியவனானதும் பாஸ்டர் ஆய்வுக்கூடத்துலயே காவலாளியா வேலை பார்த்தான்.

இந்தக் கதை எல்லாப் பாடப்புத்தகத்துலயும் இருக்கு. அதுல வராத ஒரு சங்கதி: தடுப்பூசி வந்த பிறகும் கடிவாயை எரிக்கிறது நிக்கலை. புகையுற நைட்ரிக் அமிலத்தைப் புண்ணுல தொட்டு வைக்கிறது 20-ஆம் நூற்றாண்டு பாதி வரைக்கும் நல்ல வைத்தியமாவே இருந்துச்சு. நினைச்சாலே பத்திக்கிட்டு வருது.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். ஆரம்பத்துல இந்தியாவுல வெள்ளைக்காரச் சிப்பாயை நாய் கடிச்சா கப்பல் ஏத்திப் பாரிசுக்கு அனுப்பியிருக்காங்க. 1900-ல இமயமலை அடிவாரத்துல கசௌலியில பாஸ்டர் நிலையம் வந்துச்சு. ஆனா தெக்க இருக்கிறவன் அங்க போய்ச் சேர்றதுக்குள்ள? 1902-ல லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ்ங்கிற இளம்பெண் வெறிநாய்க்கடியில இறந்தாங்க. தென்னிந்தியாவுல சிகிச்சை இல்லாததுதான் காரணம். அந்தச் சாவுதான் குன்னூர் பாஸ்டர் நிலையத்துக்கு விதை. ஹென்றி ஃபிப்ஸ்ங்கிற அமெரிக்கப் பணக்காரர் கொடுத்த ஒரு லட்ச ரூபாயும் சேர்ந்து, 1907 ஏப்ரல்ல வேலை ஆரம்பிச்சது. மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூருக்கு மலை ரயில் 1899-லயே வந்திருந்ததால, கடிபட்டவன் ரயிலேறிப் போய்ச் சேர ஒரு வழி கிடைச்சது.

1911-ல கசௌலியில டேவிட் செம்பிள் ஒரு புது தடுப்பூசி செஞ்சார். வைரஸ் ஏத்தின ஆட்டு மூளையை கார்பாலிக் அமிலம் போட்டுச் செயலிழக்க வச்ச மருந்து. இதை பாட்டில்ல அடைச்சு வெளியூர் ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்ப முடிஞ்சது, அதுதான் பெரிய விஷயம். நம்ம சினிமாவுல எல்லாம் வருமே, "தொப்புளைச் சுத்தி 14 ஊசி", அது இதுதான். எங்க மாமா ஒருத்தர் எண்பதுகள்ல போட்டுக்கிட்டவர். இப்பவும் நாயைப் பார்த்தா கை தானா வயித்தைத் தடவும்! வலியை விட மோசம், ஆட்டு மூளைத் திசு சிலருக்கு நரம்புப் பாதிப்பை, பக்கவாதத்தைக் கூடக் கொண்டுவந்துச்சு. 2004 கடைசியிலதான் இந்தியாவுல இதைத் தயாரிக்கிறதை நிறுத்தினாங்க.

சரி, சோப்பு எப்ப வந்துச்சு? 1943-ல. ஷானஸி, ஸிக்கிஸ்னு ரெண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கினிப்பன்றிகளுக்குக் காயம் உண்டாக்கி, வெறிநாய்க்கடி வைரஸை அதுல விட்டு, சிலதுக்கு நைட்ரிக் அமிலம், சிலதுக்கு சோப்புக் கரைசல்னு வைத்தியம் செஞ்சு பார்த்தாங்க. அத்தனை காலம் எரிச்ச அமிலத்துக்குச் சாதாரண சோப்பு சளைக்கலை. புண்ணும் வேகலை! 1963-ல டீன், பேயர், தாம்சன்னு மூணு பேர் இதே ஆராய்ச்சியை இன்னும் விரிவா செஞ்சு உலக சுகாதார நிறுவன இதழ்ல வெளியிட்டாங்க. காயத்தைக் கழுவுறது தடுப்பூசிக்கு முந்தின தனிச் சிகிச்சைன்னு உறுதியாச்சு.

காரணம் எளிசு. இந்த வைரஸுக்கு மேல ஒரு கொழுப்புப் போர்வை உண்டு. சோப்பு அந்தப் போர்வையைக் கரைச்சுரும், வைரஸ் செத்துரும். 2020-ல கொரோனாவுக்குக் கை கழுவச் சொன்னாங்களே, அதே விஷயம். கைக்கு 20 வினாடி போதும். பல் பதிஞ்ச குழிக்குள்ள எச்சில் ஆழமா இறங்கியிருக்கும், அதனால ஓடுற தண்ணி அடிச்சுக்கிட்டே இருக்கணும். 15 நிமிஷம் எழுத்துப்பிழை இல்லைங்க.

உள்ள போன வைரஸ் ரத்தத்துல ஓடாது. தசையில இருந்து நரம்பு முனைக்குள்ள புகுந்து, நரம்பு வழியாவே மூளையை நோக்கி மெதுவா நகரும். வாரக்கணக்கு, மாசக்கணக்கு ஆகலாம். மூளையைத் தொட்டு அறிகுறி வந்துட்டா ஏறக்குறைய சாவு நிச்சயம். தடுப்பூசி போட்டா உடம்பு எதிர்ப்புச் சக்தியை உண்டாக்க ஒரு வாரத்துக்கு மேல ஆகும். நடுவுல இருக்கிற அந்த இடைவெளிதான் சிக்கல்.

அந்த இடைவெளியை அடைச்சது ஈரான். 1954 ஆகஸ்ட்ல சாஹ்னேங்கிற கிராமத்துல ஒரே ராத்திரியில ஒரு வெறிபிடிச்ச ஓநாய் 29 பேரைக் கடிச்சது. ரெடிமேடா எதிர்ப்பொருள் இருக்கிற சீரத்தைச் சிலருக்குத் தடுப்பூசியோட சேர்த்துப் போட்டாங்க. தலையில கடிபட்டு தடுப்பூசி மட்டும் போட்டவங்க 5 பேர்ல 3 பேர் இறந்தாங்க. சீரமும் சேர்த்துப் போட்ட 13 பேர்ல ஒருத்தர்தான் இறந்தார். இன்னிக்கு ஆஸ்பத்திரியில புண்ணைச் சுத்திப் போடுற இம்யூனோகுளோபுலின் ஊசிக்கு ஆதாரம் இந்தக் கிராமத்து மக்கள்தான். அதே ஈரான்ல எழுபதுகள்ல வெறிபிடிச்ச ஓநாயும் நாயும் கடிச்ச 45 பேருக்கு, மூளைத் திசு இல்லாம செல்லுல வளர்த்த புது தடுப்பூசியைப் போட்டாங்க. 45 பேரும் பிழைச்சாங்க. தொப்புள் ஊசிக்கு விடை கொடுத்த சேதி 1976-ல வெளியாச்சு.

ஆக, நாலாயிரம் வருஷக் கதையோட முடிவு மூணே மூணு: சோப்பு, சீரம், தடுப்பூசி. இதுல முதல் ஒண்ணுக்கு மட்டும் டாக்டர் வேண்டாம், பஸ் வேண்டாம், காசும் வேண்டாம்.

இப்ப நம்ம சுண்ணாம்புக்கு வருவோம். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காபித்தூள், மஞ்சள் எல்லாம் பழைய சூட்டுக்கோலோட பேரன் பேத்திங்க. எரிஞ்சா சரியாகும்ங்கிற நம்பிக்கைதான். புண்ணை ரணமாக்கும், அதை விட முக்கியம், "வைத்தியம் பண்ணியாச்சு"ன்னு கழுவுறதையும் ஊசியையும் மறக்கடிச்சுரும்.

நம்ம வீட்டு நாய்தானே, பூனைதானேன்னு விடக்கூடாது. வீட்டுல யாரையாவது கடிச்சா செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

- உடனே குழாயடிக்குக் கூட்டிட்டுப் போங்க. சோப்புப் போட்டு, ஓடுற தண்ணியில 15 நிமிஷம். குழந்தை அழும், அழட்டும். குழாய் இல்லைன்னா செம்பு செம்பா ஊத்துங்க.
- வீட்டுல பொவிடோன் அயோடின் இருந்தா அப்புறம் போடலாம். வேற எதையும் வைக்காதீங்க, இறுக்கிக் கட்டாதீங்க. ரத்தம் நிறைய வந்தா சுத்தமான துணியால அழுத்திப் பிடிச்சுக்கிட்டு உடனே கிளம்புங்க.
- அன்னிக்கே ஆஸ்பத்திரி. அரசு ஆஸ்பத்திரியில ஊசி இலவசம். இப்ப கையிலதான் போடுறாங்க. தோலுக்குள்ள போடுற முறைன்னா முதல் நாள், அப்புறம் 3, 7, 28-ஆம் நாள். ரத்தம் வந்த கடின்னா இம்யூனோகுளோபுலினைப் பத்திக் கேளுங்க, டெட்டனஸ் ஊசியையும் கேளுங்க. தையல் போடணுமாங்கிறதை டாக்டர் முடிவு பண்ணட்டும்.
- நாயை 10 நாள் கவனிக்கிறது நல்லது. ஆனா அதுவரைக்கும் ஊசிக்குக் காத்திருக்கக் கூடாது.

பூனைக்கடி பார்க்கச் சின்னதா இருக்கும், பல் ஊசி மாதிரி ஆழமா இறங்கியிருக்கும், சீக்கிரம் சீழ் பிடிக்கும். அதுக்கு அடிக்கடி காரணமாகிற பாக்டீரியா பேரு பாஸ்டுரெல்லா. ஆமா, அதே பாஸ்டர் பேருதான்! மனுஷன் கடிவாயை விட்டுப் போகவே இல்லை.

சரி, ஆச்சி விஷயம்.

அன்னிக்கு ராத்திரி திண்ணையில உட்கார்ந்துக்கிட்டு சொன்னா. அவளுக்கு ஒரு தம்பி இருந்தானாம். எங்க யாருக்குமே தெரியாது. 1956 வாக்குல, அவனுக்கு ஏழு வயசு, இவளுக்குப் பன்னெண்டு. வீட்டுல வளர்ந்த குட்டி ஒண்ணு விளையாட்டுல கால்ல கடிச்சிருக்கு. பெரியவங்க எல்லாம் காட்டுக்கு வேலைக்குப் போயிருந்தாங்க. ஆச்சிதான் சுண்ணாம்பு வச்சு விட்டிருக்கா. அப்புறம் மந்திரிச்சாங்க. புண்ணும் ஆறிடுச்சு. ஒன்றரை மாசம் கழிச்சுக் காய்ச்சல். இவ கொண்டுபோய்க் கொடுத்த தண்ணிச் செம்பைத் தட்டி விட்டானாம். அதுக்கு மேல அவ சொல்லலை. நானும் கேட்கலை.

"சுண்ணாம்பைக் கொஞ்சமா வச்சுட்டேனோன்னு இன்னைக்கு வரைக்கும் நெனைப்பேன்ய்யா"ன்னா. அதான் அன்னிக்கு அந்த ஓட்டம் ஓடி வந்திருக்கா. அந்த மனுஷியைப் பார்த்துத்தான் நான் அறிவிருக்கான்னு கேட்டேன்.

சித்திரையில ஊருக்குப் போனப்ப இதெல்லாம் உட்கார்ந்து சொன்னேன். பாரிஸ்ல பெரிய டாக்டரே அமிலம்தான் வச்சான் ஆச்சி, ராஜா காலத்துல இருந்து எல்லாரும் சுட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க, நீ வச்சது அதிகமும் இல்லை, கொஞ்சமும் இல்லைன்னு. பேசாம கேட்டுக்கிட்டே இருந்தா. கடைசியா ஒரே ஒரு கேள்வி.

"அப்ப சவுக்காரம் போட்டுக் கழுவியிருந்தா பொழைச்சிருப்பானாய்யா?"

பொய் சொல்லலாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். "சவுக்காரம் மட்டும் பத்தாது ஆச்சி. குன்னூர் ஊசியும் போட்டிருக்கணும். அதைச் சொல்றதுக்கு ஊர்ல ஆள் இல்லை. பன்னெண்டு வயசுப் பிள்ளை நீ என்ன பண்ணுவ?"ன்னேன்.

ஆச்சி கொஞ்ச நேரம் மணியையே பார்த்துக்கிட்டு இருந்தா. அப்புறம், "வீட்டுல சவுக்காரம் இருந்துச்சு"ன்னு மட்டும் சொன்னா.

இப்ப எங்க வீட்டுக் கொல்லைக் குழாய்ல ஒரு சோப்பு வலைப்பையில கட்டித் தொங்குது. கட்டினது ஆச்சிதான். துணி துவைக்க யாராவது எடுத்தா திட்டு விழுது.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்க. கடிபட்டா கழுவிட்டு டாக்டரைப் பாருங்க. பையன் எல்லா ஊசியும் போட்டு நல்லா இருக்கான். மணியும் நலம். அதுக்கும் வருஷா வருஷம் போட வேண்டிய ஊசி தவறிப்போயிருந்துச்சு, இப்ப போட்டாச்சு. உங்க வீட்டுல கடிக்கு என்ன வைப்பாங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. ஆனா வச்சிராதீங்க!